நந்தவனச் சந்துக்குப் புறப்பாடு

மறுநாள் மாலை பிள்ளைகள் நடத்தும் பெருமாள் புறப்பாட்டுக்காகத் தெருமூலையைப் பெருக்கிக்கொண்டிருந்த வகுளா, துடைப்பத்தைச் சட்டென்று நிறுத்தினாள். அங்கே சாக்கடைக் குழியை மூடிக் கிடந்த சிமெண்டு சிலாப்பின்மேல் படிந்திருந்த மண், அவள் நீர் தெளித்துத் தேய்த்ததில் கரைந்து ஓடியிருந்தது. வெளிப்பட்ட சாம்பல் நிற முகத்தில் இரண்டு மெல்லிய கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சென்றன. ஒரு கோட்டின் ஓரத்தில் ஒரு சிறு கையின் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

அந்தக் கோடுகளை அவள் அறிவாள். ஆடி மாதத்தில் நந்தவனச் சந்தின் வாயிலிலுள்ள சாக்கடைக்கு சிலாப் வார்த்தபோது, சிமெண்டு காயும் முன்பே சித்தார்த்தன் தன் சக்கர நாற்காலியை அதன்மேல் ஓட்டிவிட்டான். கொத்தனார் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். அவனோ ஒரு கையை ஈரச் சிமெண்டில் ஊன்றித் திரும்பி, "ராஜா வர்ற வழியில முத்திரை இருக்க வேணாமாண்ணே?" என்றான். ஓங்கிய கரண்டியோடு கொத்தனார் சிரித்துவிட்டார்.

சந்தின் கல் தெருவுக்கு எப்படி வந்தது?

கார்த்திகையில் தூர் வார வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சந்தின் வாயிலில் கிடந்த இரண்டு சிலாப்களையும் பெயர்த்து ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனார்கள். மூடுவதற்கு அவர்கள் திரும்பி வரவே இல்லை. மார்கழியில் ஒருநாள் அந்தக் கற்களும் மறைந்தன. சந்துக்காரர்கள் பலகை போட்டார்கள். குப்பை வண்டி ஏறி அது முறிந்தது. பிறகு ஒரு தென்னந்துண்டைக் குறுக்கே கிடத்தினார்கள். நடக்கிறவர்கள் அதன்மேல் கால் வைத்துக் கடந்தார்கள். சக்கரத்துக்கு அது வழியாகவில்லை. சித்தார்த்தனின் தாய், பூக்கட்டிப் பிழைக்கும் செல்லக்கிளி, மகனை இடுப்பில் ஏந்திக்கொண்டு சில நாள் தாண்டினாள். ஒரு காலையில் தென்னந்துண்டு உருண்டது. தாயும் மகனும் சாக்கடையில் விழுந்தார்கள். அன்றோடு சித்து பள்ளிக்கூடம் போவது நின்றது.

இப்போது அவனைக் காட்டூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாக முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வரும். இன்று சனிக்கிழமை.

வகுளா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவளுடைய தந்தை சௌரிராஜன், தெருமூலைச் சந்நிதியின் பெருமாளைப் பல்லக்கில் சுமக்கும் நால்வரில் முன்தண்டுக்கு உரியவர். தலைமுறை தலைமுறையாகத் தண்டு அழுந்தியதால் அந்தக் குடும்பத்து ஆண்களின் வலத்தோள், பிறக்கும்போதே சற்றுத் தாழ்ந்திருக்கும் என்று தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவருக்குத் தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்த்திருந்தது. அந்தத் தழும்பை அவர் பதக்கம்போல் பேணினார்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் பெருமாளோடுதான். அட்டையில் ஆலவட்ட விசிறி செய்வார்கள். பொன்தாள் ஒட்டிக் குடை பிடிப்பார்கள். ஒரு சாண் உயர மரப் பெருமாளுக்குப் பட்டுத் துண்டு சாற்றித் தெருத்தெருவாகச் சுமப்பார்கள். வகுளாவின் கூட்டத்துக்குப் பல்லக்குச் செய்து கொடுத்தவர் சௌரிராஜனே. தேக்குத் துண்டுகளை இழைத்து, மெய்யான பல்லக்கின் அளவுகளைக் குறைத்து, மெய்யான கனத்தோடு செய்தார். போன ஆண்டு, பஞ்சு மிட்டாய்க்காரனின் மணியோசை கேட்டதும் பிள்ளைகள் பல்லக்கை நடுத்தெருவில் வைத்துவிட்டு ஓடினார்கள். அன்று அவர் குரல் தெரு முழுவதும் கேட்டது. "பொம்மைன்னு நெனைச்சேளா? பல்லக்குல ஏளப்பண்ணிட்டா அவர் பெருமாள்! நடுவழியில கீழே வைக்கப்படாது. வந்த வழியே திரும்பப்படாது. வழி அடைபட்டா, வழி திறக்கற வரைக்கும் தோள்ல வெச்சுண்டு நிக்கணும். அதுக்குத் தெம்பு இல்லேன்னா தண்டைத் தொடாதீங்கோ!"

அன்றுமுதல் பிள்ளைகள் அதை மீறியதில்லை.

வகுளா உள்ளே நுழைந்தபோது அவர் தோளில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மூலைக் குழிமேல கெடக்கே சிலாப்பு, அது எங்கேருந்து வந்தது?"

"ஏன், ஆடறதா?"

"ஆடலை. எங்கேருந்து வந்ததுன்னு கேட்டேன்."

"நந்தவனச் சந்து வாசல்ல சும்மாக் கெடந்தது. மார்கழி உத்ஸவம் வரது, மூலையில வாயைப் பிளந்துண்டு குழி. பெருமாளோட வரச்சே எவனாவது கால் விட்டா என்ன ஆறது? நாங்க நாலு பேருமாப் போய்த் தூக்கிண்டு வந்து போட்டோம்."

"சும்மாக் கெடக்கலை. அது சித்துவாத்துக்குப் போற பாலம். அந்த ரெண்டு கல்லும் இல்லாமத்தான் அவன் ஸ்கூலுக்கு வரலை. திங்கட்கிழமை காட்டூருக்குக் கொண்டு விடப்போறா."

எண்ணெய்க் கை ஒரு கணம் நின்றது, பிறகு தேய்த்தது. "வார்டு ஆபீஸ்ல சொன்னா புதுசு போடுவா."

"மூணு தடவை சொல்லியாச்சாம். கல்லு திருடு போயிடுத்து, புதுசு வந்தா பாக்கலாம்னாளாம்."

"திருடுங்கற வார்த்தையெல்லாம் இங்கே வேண்டாம். பெருமாள் கைங்கர்யத்துக்கு எடுத்தது. மாசியில மறுபடி புறப்பாடு இருக்கு. அதை எடுத்துட்டா நம்ம தெருவுல குழி."

"இப்போ அவா சந்துல குழி."

"வகுளா! பெருமாளுக்குன்னு ஆனதைத் திருப்பிக் கேக்கற வழக்கம் இல்லை."

"கொடுத்திருந்தா கேக்கப்படாது. அவா கொடுக்கலையேப்பா. நீங்கதானே எடுத்தேள்?"

அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி விழுந்த ஓசை வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மத்தியானம் வகுளா நந்தவனச் சந்தின் வாயிலில் போய் நின்றாள். அப்பால் நாற்காலியில் சித்து, இப்பால் அவள், நடுவே கறுத்த நீர். அவன் மடியில் இரண்டு எண்ணெய்ப் புனல்கள் இருந்தன. அவர்களுடைய புறப்பாட்டில் பெருமாளின் வருகையை முன்னறிவிக்கும் திருச்சின்னக்காரன் அவன். இரண்டு புனல்களையும் சேர்த்து வாயில் வைத்து அவன் ஊதினால், சந்நிதியில் ஊதுகிறவரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். தை பிறந்தபின் நடந்த புறப்பாடுகளெல்லாம் அந்த ஒலி இல்லாமல் ஊமையாகவே சென்றன.

"பெட்டி கட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு. புனலை எடுத்துட்டுப் போவக் கூடாதாம். அங்க சத்தம் போடக் கூடாதாம். சாம்பார் தண்ணியா இருக்குமாம். நீயே சொல்லு, சத்தமும் இல்லாம சாம்பாரும் இல்லாம ஒரு மனுசன் எப்படி இருக்குறது?"

"உனக்குப் போக இஷ்டமா?"

அவன் புனலின் வாயை விரலால் சுற்றினான். "அம்மாவுக்கு முட்டி இன்னும் வீங்கியிருக்கு. இன்னொரு தடவை நான் அதுமேல விழ மாட்டேன்."

கல் எங்கே கிடக்கிறது என்பதை வகுளா சொன்னாள். அவன் தெருமூலைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு, "என் கை அச்சும் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கு. நாளைக்குப் பெருமாள் உங்க சந்துக்கு ஏள்றார்."

"இதை எப்படித் தாண்டுவாரு? கருட வாகனமா?"

"தாண்டமாட்டார். இங்கே வந்து நிப்பார்."

சித்து அவள் முகத்தைப் பார்த்தான். மெல்ல அவனுக்கு விளங்கியது. புனல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஞாயிறு மாலை, கதிரவன் முக்கொம்புப் பக்கம் சாயும் வேளையில், மரப் பெருமாள் புறப்பட்டார். முன்தண்டில் வகுளாவும் அவள் தம்பி ஆமருவியும்; பின்தண்டில் சித்துவின் ஒன்றுவிட்ட அண்ணன் பீமராவும் அதே சந்தின் யாழினியும். பின்தண்டில் அந்த இருவரைக் கண்டதும் முதல் வீட்டு வாசலிலேயே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சந்துப் பிள்ளைகள் குடை பிடிப்பதுண்டு, தாளம் தட்டுவதுண்டு; தண்டு தொட்டதில்லை. வகுளா அந்த முணுமுணுப்பைக் காதில் வாங்காமல், "சிங்க நடை!" என்று குரல் கொடுத்தாள். நான்கு சோடிக் கால்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாக ஊன்றின. பல்லக்கு கம்பீரமாகத் திரும்பியது. முணுமுணுத்தவர்களின் கைகள் தாமாகவே குவிந்தன.

சந்நிதியின் நிர்வாகத்தைப் பார்க்கும் திருநாராயணன் மாமா கர்ப்பூரத் தட்டோடு வாசலில் காத்திருந்தார். ஆரத்தி எடுத்தார், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்தார், எழுந்து பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்தார். பல்லக்கு மூலையை அடைந்தது. வழக்கமாக வலப்புறம் திரும்பும் இடத்தில் இடப்புறம் திரும்பியது.

"எங்கேடி போறேள்?" என்றார் மாமா.

"நந்தவனச் சந்துக்கு, மாமா."

"அங்கே எதுக்கு? அங்கே புறப்பாடு கெடையாதே!"

"இன்னிக்கு உண்டு."

மாமா பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின் தெருவும் வந்தது. சாக்கடையின் விளிம்பில் பல்லக்கு நின்றது. அப்பால், சந்தின் இரு புறமும் நீர் தெளித்துக் கோலமிட்டிருந்தார்கள். வாசல்தோறும் அகல் எரிந்தது. யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெருமாள் வருகிறார் என்ற சொல் மட்டும் சித்துவின் வாயிலிருந்து வீடு வீடாகப் போயிருந்தது. அவன் புனல்களை உயர்த்தி ஊதினான். கோபுரத்தில் ஒடுங்கியிருந்த புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றின.

ஓரடியால் மண்ணை அளந்த திருவடிக்கு முன்னால், ஒரு சாக்கடை வழிமறித்துக் கிடந்தது.

"பாத்தாச்சோல்லியோ? போரும். திருப்புங்கோ," என்றார் மாமா.

"வந்த வழியே திரும்பற வழக்கம் இல்லை, மாமா."

"சரி, கீழே வெச்சுட்டு ஆத்துக்கு ஓடுங்கோ. இருட்டப் போறது."

"நடுவழியில கீழே வைக்கப்படாது."

"அடி அசடே, பொம்மைடி அது!"

வகுளா தலையைத் திருப்பவில்லை. தண்டு தோளில் இருக்கும்போது தலை திருப்பக் கூடாது. நேரே பார்த்தபடி கேட்டாள்: "அப்படின்னா இப்போ உங்காத்து வாசல்ல விழுந்து சேவிச்சேளே மாமா, யாரை?"

கூட்டத்தில் எவரோ இருமினார். மாமாவின் முகம் சிவந்தது. "சௌரியைக் கூட்டிண்டு வரேன். அவன் வந்து பேசட்டும் உன்னோட," என்று சொல்லிவிட்டு விரைந்தார்.

பொழுது இறங்கியது. தேக்கின் கனம் மெல்ல மெல்லத் தன்னை உணர்த்தத் தொடங்கியது. ஆலவட்டம் பிடித்த இரு சிறுவர்களை அவர்களுடைய தாய்மார் வந்து கையைப் பற்றி இழுத்துப்போனார்கள். ஒருவன் போகும்போதும் ஆலவட்டத்தைத் தாழ்த்தாமலே போனான். வழியில் வந்த ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். "என்ன பாப்பா, சாமிக்கு பிரேக் டவுனா?"

"சாமி நல்லாத்தான் இருக்காருண்ணே. பாலந்தான் பிரேக் டவுன்," என்றாள் யாழினி.

ஆமருவியின் உதடு துடித்தது. ஒன்பது வயதுத் தோள் அது. "அக்கா, வலிக்கறது."

"எனக்குந்தான்டா. அழணும்னா அழு. ஆனா தண்டை விடாதே."

அவன் அழுதான், விடவில்லை. பின்னாலிருந்து பீமராவ், "டேய் ஆமருவி, எங்கிட்ட கொஞ்சம் கனத்தைத் தள்ளு. ஒரு ஓரமாச் சாஞ்சு நில்லு, நான் வாங்கிக்கிறேன்," என்றான். பல்லக்கு இம்மியளவு பின்புறம் சாய்ந்தது. சிறுவனின் விம்மல் தணிந்தது.

எதிர்க்கரையில் செல்லக்கிளி நின்றிருந்தாள். பிள்ளைகளைப் பார்ப்பதும் மகனைப் பார்ப்பதுமாக இருந்தாள். "போதும் பாப்பா, எறக்கி வெச்சிருங்க. பெரியவங்க திட்டுவாங்க," என்று ஒருமுறை குரல் கொடுத்தாள். சித்து அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

சௌரிராஜன் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. வரும் வழியெல்லாம் அவர் சொற்களைக் கூர் தீட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது. மகளின் அருகில் நின்று வாயைத் திறந்தார். அப்போது தெருவிளக்கு எரிந்தது. தண்டுக்கு அடியில் அவள் தோள் கன்றிச் சிவந்திருப்பது தெரிந்தது. எந்த இடத்தில் அவருக்குத் தழும்போ, அதே இடம்.

"தோள் மாத்திக்கோ," என்றார்.

அது அவர் சொல்ல வந்த சொல்லன்று.

"மாத்தறதுக்கு ஆள் இல்லைப்பா."

"சௌரி!" மாமா பின்னாலிருந்து இரைந்தார். "என்ன யோசனை ஓய்? கீழே வைக்கச் சொல்லும்!"

சௌரிராஜன், "கீழே..." என்று தொடங்கினார். அந்தச் சொல் அதற்கு மேல் நகரவில்லை. வாழ்நாள் முழுவதும் தண்டு சுமந்த வாய்க்கு அந்தக் கட்டளையை முடிக்கத் தெரியவில்லை.

வகுளா, கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்: "இந்தச் சந்தோட சிலாப்பு ரெண்டும் நம்ம தெருமூலையில இருக்கு. பெருமாள் பேரைச் சொல்லி எடுத்தது. அதனால பெருமாளே கேக்க வந்திருக்கார். கல்லு வர வரைக்கும் நிப்பார். நாங்க விழுந்தா விழறோம். நாங்களாக் கீழே வைக்கமாட்டோம்."

எதிர்க்கரையில் சலசலப்பு எழுந்தது. வேலை முடிந்து வந்திருந்த ஆண்கள் சிலர் முன்னால் நகர்ந்தார்கள். "எங்க கல்லா? நீங்களா எடுத்தது?" என்று ஒருவர் குரல் உயர்த்தினார்.

சௌரிராஜன் கை கூப்பினார். சாக்கடைக்கு அப்பால் செல்லக்கிளியைப் பார்த்து, "நாங்கதாம்மா எடுத்தோம். அநாதையாக் கெடக்கறதுன்னு நெனைச்சோம். உங்களுக்குத் தெரியாம..." என்றார்.

"எனக்குத் தெரியும், சாமி."

செல்லக்கிளி சாக்கடையின் விளிம்புக்கு வந்தாள்.

"உத்சவத்தன்னைக்குப் பூக்கூடையைத் தூக்கிட்டு வந்தேன்ல? அந்தக் கல்லு மேலதான் மிதிச்சு வந்தேன். எம் புள்ள கை வெச்ச கல்லு எனக்குத் தெரியாதா? கூடையைக் குடுத்துட்டு, அது மேலயே மிதிச்சுத் திரும்பி வந்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?" என்றார் சௌரிராஜன்.

"யார்ட்ட சொல்றது? பெருமாளுக்குன்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல ஒரு பூக்காரி வாயைத் தொறந்தா, சாமி கல்லையே கேக்குறா பாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க? அடுத்த நாளு பூ வாங்குவீங்களா எங்கிட்ட?" அவள் குரல் உயரவில்லை; ஆனால் நடுங்கவும் இல்லை. "புள்ளைய அனுப்பிடலாம்னு முடிவு பண்ணேன். கேக்குறதுக்குப் பதிலா."

சித்து தாயை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் அது புதிய செய்தி.

சௌரிராஜன் சற்று நேரம் மரப் பெருமாளைப் பார்த்தார். தன் கையால் இழைத்த தேக்கு. தன் வீட்டில் கிழித்த பட்டு. தெருவிளக்கில் அந்தச் சிறு முகம், பெரிய சந்நிதியில் பார்ப்பதைப் போலவே புன்னகை செய்தது. அவர் மேல்துண்டை இறுக்கிக்கொண்டு திரும்பினார். கூட்டத்தில் நின்ற மற்ற மூன்று பேரை, தன்னோடு தண்டு சுமக்கிறவர்களை, பெயர் சொல்லாமல் கையசைத்து அழைத்தார். நால்வரும் தெருவை நோக்கி நடந்தார்கள்.

"அக்கா, அவா போயிட்டா. இப்போ வைக்கலாமா?" என்றான் ஆமருவி.

"கல்லு வரட்டும்."

சந்நிதிக் கதவு திறக்கும் ஓசையும், கடப்பாரை கல்லில் மோதும் ஓசையும் அடுத்தடுத்துக் கேட்டன. பிறகு மூலையில் அவர்கள் தெரிந்தார்கள். சிலாப்பைக் கயிற்றால் வரிந்து, இரண்டு நீண்ட தண்டுகளில் தொங்கவிட்டு, நால்வரும் தோளில் சுமந்து வந்தார்கள். மஞ்சள் பூசிய, வெள்ளிப் பூண் கட்டிய தண்டுகள்.

திருநாராயணன் மாமா குறுக்கே பாய்ந்தார். "ஓய்! பெருமாள் தண்டு ஓய் அது! அதுல சாக்கடைக் கல்லா?"

சௌரிராஜன் நிற்கவில்லை, கனத்தோடு வருகிறவர் நிற்கவும் கூடாது. "இத்தனை நாளும் அவரைச் சுமந்தோம், மாமா. இன்னிக்கு அவர் போற வழியைச் சுமக்கறோம். தள்ளிக்கோங்கோ."

மாமா தள்ளிக்கொண்டார்.

அவர்களுடைய கால்கள் பழக்கத்தால் தாமே நடை கூடின. சிமெண்டுப் பலகை, உத்ஸவ நாளில் பெருமாள் அசைவதுபோல, இடமும் வலமும் மெல்ல அசைந்து வந்தது. அதைக் கண்ட சித்துவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. புனல்களை எடுத்து ஊதிவிட்டான். கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. எதிர்க்கரை ஆண்கள் தென்னந்துண்டைப் புரட்டித் தள்ளிவிட்டு, கல்லின் மறுமுனையைக் கை நீட்டி வாங்கினார்கள். தெருவின் கைகளும் சந்தின் கைகளும் ஒரே கல்லைப் பிடித்துக்கொண்டு, "இப்படி! இப்படி! அட, அந்தப் பக்கம்ங்க!" என்று இரைந்தன. கல் உட்கார்ந்தது.

"ஆச்சு, போ," என்றார் சௌரிராஜன், வியர்வையைத் துடைத்தபடி.

வகுளா அசையவில்லை. "இன்னொண்ணு இருக்கு."

"ஒண்ணே போருமேம்மா. பல்லக்குப் போயிடும்."

"பல்லக்குப் போயிடும். நாற்காலி போகாது."

அவர் மகளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு ஒரு சிறு பெருமிதமும் இருந்தது. தண்டை மறுபடி தோளில் ஏற்றினார். இரண்டாம் கல்லும் வந்தது. இருள் முழுவதும் கவிந்தபின்னரே மரப் பெருமாள் நந்தவனச் சந்துக்குள் திருவடி வைத்தார். வாசல்தோறும் ஆரத்தி. செல்லக்கிளி தான் தொடுத்த மாலையைச் சாற்ற வந்தபோது, பின்தண்டில் இருந்த யாழினி, "சீக்கிரம்க்கா, தோளு கழண்டுரும்," என்றாள். மாலை சாற்றப்பட்டது. சித்துவின் வீட்டு வாசலில், கோலத்தின் நடுவே, முறைப்படி பாதாசனமாக ஒரு மனைப்பலகை இட்டு, பல்லக்கு முதன்முறையாகத் தரைக்கு இறங்கியது. அது நடுவழியன்று, சேர வேண்டிய இடம்.

ஆமருவி அங்கேயே உட்கார்ந்து, கால் நீட்டி, உரக்க அழுது முடித்தான்.

திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வந்தது. செல்லக்கிளி அதைத் திருப்பி அனுப்பினாள். சித்து பை தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியை உருட்டி வந்தான். பாலத்தில் ஏறியதும் நின்று குனிந்து பார்த்தான்.

"வகுளா, இங்க வா! உங்க அப்பா கல்லைக் குறுக்கால போட்டுட்டாங்க. என் கோடு சாக்கடையப் பாத்துப் போகுது!"

"வேணும்னா திருப்பிப் போடச் சொல்லட்டுமா?"

"ஐயோ வேணாம். மறுபடி அவ்ளோ பெரிய உத்சவத்த எவன் பாக்குறது?"

அவன் சக்கரம் தன் பழைய தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அக்கரை சேர்ந்தது.

தெருமூலையில் குழி வாய் திறந்து கிடந்தது. இருளில் யாரும் விழாதபடி சௌரிராஜன் அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு, கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அதற்கு வெளியே வகுளா விடியலில் பெரிய கோலம் ஒன்று இட்டிருந்தாள். ஸ்கூட்டரில் வந்த திருநாராயணன் மாமா இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, சுவரோரமாக ஒண்டி நடந்து, வேட்டியில் சேறு பட்டு, ஒருவாறு மூலையைக் கடந்தார்.

"என்னடி இது அக்கிரமம்? மனுஷன் நடமாட வேண்டாமா? அப்பா எங்கே?"

"வார்டு ஆபீசுக்குப் போயிருக்கார், மாமா. செல்லக்கிளி அக்காவும் கூடப் போயிருக்கா. நம்ம தெருவுக்குக் கல் கேக்க."

"கேட்ட உடனே குடுத்துடுவாளா? எத்தனை நாள் ஆகுமோ! அதுவரைக்கும் நாங்கள்லாம் என்ன பண்றது?"

வகுளா கன்றிய தோளின்மேல் பள்ளிப் பையை ஏற்றிக்கொண்டாள். வலித்தது; முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அவா பண்ணினதைப் பண்ணுங்கோ மாமா. ஒரு தென்னந்துண்டு போட்டுத் தாண்டிப் பாருங்கோ."

அதற்கு அவர் சொன்ன மறுமொழி தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் உருண்டுகொண்டிருந்த நாற்காலியிலிருந்து இரண்டு புனல்கள் எழுந்து, பள்ளிக்கூடம் வரையில் அறிவித்துக்கொண்டே சென்றன.